ஹோல்டன் கிராமம்: செம்புச் சுரங்கம் குடும்ப முகாமான வரலாறு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹோல்டன் கிராமம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் உட்புறத்தில். ஷெலான் என்ற ஏரி அங்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கிறது. ஆழம் 1,486 அடி. அந்த ஏரியில் படகேறி, லூசெர்ன் என்ற சிறு துறையில் இறங்கி, அங்கிருந்து மலைப்பாதையில் 17 கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் ஹோல்டன் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,200 அடி உயரம். வெளியூரிலிருந்து காரில் போய்ச் சேர வழியே இல்லை. படகில் வர வேண்டும், அல்லது மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மலைகளைக் கடந்து நடந்து வர வேண்டும்.

இந்த ஊரின் வரலாற்றில் பாதிக்குமேல் இந்தத் தனிமைதான் தீர்மானித்தது. சுரங்கம் தாமதமாகத் தொடங்கியது, மூடியபின் வாங்க ஆள் வராதது, பிறகு குடும்பங்கள் தேடி வந்தது, எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே.

லூத்தரன் முகாம் என்கிறார்கள். நம் ஊர் லூத்தரன் திருச்சபைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மரபு ஒன்றுதான். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு கொண்டுவந்து இறக்கிய அதே மார்ட்டின் லூத்தர் மரபு. அமெரிக்காவுக்கு அது ஜெர்மனி, நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களோடு போனது. அவரவர் மொழிக்கும் ஊருக்கும் ஏற்பத் தனித்தனிச் சபைகளாக இருந்தவர்கள், 1960களின் தொடக்கத்தில் பெரிய அளவில் ஒன்றுசேர்ந்தார்கள். அமெரிக்கன் லூத்தரன் சபை 1960இல் உருவானது, இன்னொரு பெரிய இணைப்பு 1962இல் நடந்தது. இவை 1988இல் மேலும் இணைந்து இன்றைய அமெரிக்க சுவிசேஷ லூத்தரன் திருச்சபை ஆயின.

ஹோல்டன் பிறந்தது சரியாக அந்த இணைப்புக் காலத்தில். நார்வே வழியினரும் ஜெர்மன் வழியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் தேவைப்பட்ட நேரம் அது. இன்றும் ஹோல்டன் தனித்து நிற்கும் ஓர் அறநிறுவனம். லூத்தரன் திருச்சபையோடு நெருங்கிய உறவு உண்டு. ஆனால் வருபவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர், சபையே இல்லாதவரா என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஹோல்டன் என்பது யாருடைய பெயர்?

ஜேம்ஸ் ஹென்றி ஹோல்டன் என்ற தாது தேடியின் பெயர். 1896இல் இந்தப் பள்ளத்தாக்கின் மலைச்சரிவில் செம்புத் தாது இருப்பதை அவர் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பது ஒன்று, தோண்டி எடுத்து வெளியே கொண்டுபோவது வேறு. சாலையில்லாத மலையில் முதலீடு செய்ய யாரும் முன்வரவில்லை. முதலாளிகளைத் தேடியே அவர் காலம் கழிந்தது. 1918இல் அவர் இறந்தபோது சுரங்கம் தொடங்கியிருக்கவில்லை. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்து, 1938இல், ஹவ் சவுண்ட் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது.

சுரங்க காலத்தில் ஊர் எப்படி இருந்தது?

கம்பெனி கட்டிய ஊர் அது. மணமாகாத தொழிலாளர்களுக்குப் பெரிய மரவிடுதிகள், பொதுச் சாப்பாட்டுக்கூடம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், நடனத்துக்கும் திரைப்படத்துக்கும் ஒரு பொழுதுபோக்குக் கூடம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட இடம், பில்லியர்ட்ஸ் மேசைகள். மேலதிகாரிகளின் குடும்பங்களுக்குச் சற்று உயரத்தில் மரவீடுகள். மற்றத் தொழிலாளர் குடும்பங்கள் பக்கத்திலேயே வின்ஸ்டன் என்ற குடியிருப்பில் வாழ்ந்தன. உச்சகாலத்தில் சுமார் 600 பேர் இருந்தார்கள்.

மலைக்குள் 90 கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கப்பாதை குடைந்தார்கள். வெட்டிய பாறையை ஆலையில் மாவாக அரைத்து, தாதுவைப் பிரித்து, லாரியில் லூசெர்னுக்கு இறக்கி, மிதவைப் படகில் ஏரி வழியே அனுப்பினார்கள். 19 ஆண்டுகளில் எடுத்தது 21 கோடி பவுண்டு செம்பு, 4 கோடி பவுண்டு துத்தநாகம், 20 லட்சம் அவுன்ஸ் வெள்ளி, 6 லட்சம் அவுன்ஸ் தங்கம். இரண்டாம் உலகப் போரின் செம்புத் தேவைக்கு இந்தச் சிறிய ஊரும் பங்களித்தது.

ஏன் மூடினார்கள்?

செம்பின் விலை விழுந்தது, நல்ல தாதுவும் குறைந்துகொண்டே வந்தது. 1957இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனபின் இப்படிப்பட்ட ஊரில் தங்க ஒரு காரணமும் இல்லை. குடும்பங்கள் படகேறிப் போய்விட்டன. கட்டில்களும் அடுப்புகளும் மேசைகளும் இருந்த இடத்திலேயே நின்றன. முழு ஊரையும் கம்பெனி ஒரு லட்சம் டாலருக்கு விற்க முன்வந்தது. அந்த நாளிலேயே அது அடிமாட்டு விலைதான். அப்படியும் வாங்க ஆள் இல்லை. வின்ஸ்டன் வீடுகளைப் பின்னர் வனத்துறையே எரித்து அகற்றியது.

அது லூத்தரன்களின் கைக்கு எப்படி வந்தது?

ஒரு மனிதரின் விடாப்பிடியால். வெஸ் பிரீப் என்பது அவர் பெயர். அலாஸ்காவில் வாழ்ந்த சாதாரண லூத்தரன் விசுவாசி. போதகரும் அல்லர், பணக்காரரும் அல்லர். சுரங்கம் மூடப்பட்ட செய்தி அறிந்து, இந்த ஊர் ஒரு நல்ல இளைஞர் முகாமாகுமே என்று அவருக்குத் தோன்றியது. விலை கேட்டு 1957இல் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். ஒரு லட்சம் டாலர் என்று பதில் வந்தது. அவரிடம் அவ்வளவு பணம் இருக்க வாய்ப்பே இல்லை.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். பிரீப் சில காலம் பொறுத்து மறுபடி எழுதினார். பின்னும் எழுதினார். இதற்கிடையே அவர் சியாட்டிலுக்கு வந்து லூத்தரன் வேதாகமக் கல்வி நிலையத்தில் மாணவராகச் சேர்ந்திருந்தார். 1960இல், ஊரைக் கொடையாகவே தருவதாகக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. எத்தனையோ கட்டடங்கள், மின்நிலையம், சாப்பாட்டுக்கூடம் எல்லாம் சேர்த்து ஒரு மாணவரின் கடிதத்துக்குப் பதிலாக.

கம்பெனியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். விற்காத ஊரைப் பராமரிக்கப் பணம் செலவாகும், இடித்து அகற்ற அதைவிட அதிகம் ஆகும். கொடையாகக் கொடுத்தால் அந்தச் சுமை போகும். அவர்கள் கணக்கில் அதுவே லாபம். ஆனால் அந்தக் கணக்கு அவர்களுக்குச் சரியாகப்பட்ட வேளையில், வாங்கிக்கொள்ள ஒருவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. பிரீப் எழுதாமல் இருந்திருந்தால் இன்று அங்கே காட்டுக்குள் புதைந்த சில அடித்தளங்களே மிஞ்சியிருக்கும்.

வேதாகமக் கல்வி நிலையத்துக்குக் கொடை கைக்கு வந்தபின் திகைப்புதான். தனியொரு நிறுவனம் தாங்கக்கூடிய சுமை அல்ல அது. ஆகவே பல லூத்தரன் பிரிவுகளின் இளைஞர் ஊழியத்தைச் சேர்ந்தவர்களைக் கூட்டி, லாபநோக்கமற்ற தனி நிறுவனமாக ஹோல்டன் கிராமத்தை அமைத்தார்கள்.

பாழடைந்த ஊரை யார் பழுதுபார்த்தார்கள்?

விடுமுறைக்கு வந்தவர்கள்தான். 1960களின் தொடக்கக் கோடைகளில் தொண்டர்கள் குழு குழுவாக வந்தார்கள். பனியின் எடையில் கூரைகள் சேதமாகியிருந்தன, குழாய்கள் உறைந்து வெடித்திருந்தன. தச்சரும் குழாய் வேலை தெரிந்தவரும் ஆசிரியரும் கல்லூரி மாணவரும் சேர்ந்து ஒவ்வொரு கட்டடமாக மீட்டார்கள். சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்கையும் உண்டு.

அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. சமையல், சலவை, விறகு வெட்டுதல், பஸ் ஓட்டுதல் என்று ஊரை நடத்தும் வேலைகளில் பெரும்பகுதி தொண்டர்கள் கையில்தான். சில வாரங்களுக்கு வருபவரும் உண்டு, ஓராண்டு இரண்டாண்டு என்று குடும்பத்தோடு தங்குபவரும் உண்டு. சிறுவயதில் பெற்றோரோடு விருந்தினராக வந்து, கல்லூரி நாளில் பாத்திரம் கழுவி, பின்னாளில் தன் பிள்ளைகளை அழைத்துவருவது அங்கே பல குடும்பங்களின் வழக்கம்.

இதை இளைஞர் முகாமிலிருந்து குடும்ப இடமாக மாற்றியவர் யார்?

கேரல் ஹிண்டர்லி என்ற போதகரும் அவர் மனைவி மேரியும். 1963இல் பொறுப்பேற்ற கேரல் 1977 வரை இயக்குநராக இருந்தார். இருவரும் இளமையில் மிஷனரிகளாகக் கிழக்கே புறப்பட்டவர்கள். உலகப் போர் மூண்டதும் பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படையிடம் சிக்கி, போர் முடியும் தறுவாய்வரை தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

பசியையும் அடைபட்ட வாழ்க்கையையும் கண்டவர்கள் நடத்திய ஊரில் சிரிப்புக்குத் தனி இடம் கிடைத்தது. வழிபாடு, இறையியல், விருந்தோம்பல் ஆகியவற்றோடு நகைச்சுவையையும் ஊரின் அடிப்படை மதிப்புகளில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். கிருபையால் மீட்கப்பட்டவர் என்று நம்புகிறவர் மனம்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அது. லூத்தரே சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுப் பேசிச் சிரித்தவர்தானே.

கூடவே கடினமான பேச்சும் இருந்தது. இனநீதி, வியட்நாம் போர், சபையில் பெண்களின் இடம் எல்லாம் அங்கே விவாதிக்கப்பட்டன. இறையியல் பேராசிரியர்கள், விஞ்ஞானிகள், கலைஞர்கள் ஆகியோரைக் கோடையில் வகுப்பெடுக்க அழைக்கும் வழக்கமும் வேரூன்றியது. அவர்களும் குடும்பத்தோடு வந்து, பொதுச் சாப்பாட்டுக்கூடத்திலேயே சாப்பிட்டு, அடுத்த மேசைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வகுப்பறையில் கிடைக்காத பதில்கள் சூப்புக் கிண்ணத்தின் மேல் கிடைக்கும்.

ஒரு குடும்பம் அங்கே கோடையில் ஒரு நாளை எப்படிக் கழிக்கும்?

காலைச் சாப்பாட்டுக்குப் பின் பெரியவர்களுக்கு வகுப்பு, பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சி. விருப்பமில்லாதவர் இரண்டுக்கும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். கைத்தொழில் கூடத்தில் தறி நெய்யலாம். மலையேற விரும்புவோருக்குப் பாதைகளுக்குக் குறைவில்லை. ஹார்ட் ஏரி ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம், லைமன் ஏரிக்குப் போனால் பனியாற்றை அருகில் காணலாம். பள்ளத்தாக்குக்கு மேலே 9,511 அடி உயரத்தில் பொனான்சா சிகரம் நிற்கிறது. எரிமலைகளைக் கழித்துவிட்டால் வாஷிங்டன் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் அதுவே.

பிள்ளைகள் விரும்புவது பௌலிங் கூடத்தை. சுரங்கத் தொழிலாளருக்காகப் போட்ட அதே மரத்தளம். கட்டைகளை நிறுத்திவைக்க இயந்திரம் கிடையாது. ஒருவர் பந்தை உருட்ட, மறுகோடியில் இன்னொருவர் தடுப்புக்கு மேலே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டைகள் சிதறி அடங்கியதும் குதித்து இறங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையில் நிறுத்தி, பந்தைத் திருப்பி உருட்டிவிட வேண்டும். ஆடுபவரைவிட அந்த வேலைக்குத்தான் சிறுவர்களிடையே போட்டி.

குப்பையும் ஒரு பாடம். வண்டி வந்து அள்ளிப்போகும் ஊர் அல்ல. மக்கக்கூடியது, மறுபடி பயன்படுவது, எரிக்கக்கூடியது, படகில் திருப்பியனுப்ப வேண்டியது என்று ஒவ்வொன்றையும் கையால் பிரிக்கிறார்கள். அதற்கென்றே ஒரு குழு உண்டு, விருந்தினரும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு வாரத்தில் தன் குடும்பம் எவ்வளவு வீசியெறிகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அறிவுரை தேவைப்படாது.

மாலையில் ஊர் முழுவதும் பழைய பொழுதுபோக்குக் கூடத்தில் ஆராதனைக்குக் கூடுகிறது. ஒவ்வொரு நாளும் உண்டு. பிறகு பிள்ளைகள் ஐஸ்கிரீம் வரிசைக்கு ஓடுவார்கள்.

கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. ஓடையிலிருந்து எடுக்கும் நீர்மின்சாரம் அளவோடுதான் கிடைக்கும் என்பதால் தலை உலர்த்தும் கருவி போன்றவற்றைக் கொண்டுவர வேண்டாம் என்பார்கள். முதல் நாள் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். பிறகு குடும்பம் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். குடும்ப விடுமுறை என்று எத்தனையோ இடங்கள் விளம்பரம் செய்கின்றன. அப்பா ஒரு திரையிலும் பிள்ளை ஒரு திரையிலும் மூழ்கிக் கிடக்காத விடுமுறை இன்று எங்கே கிடைக்கிறது?

குளிர்காலத்தில் மூடிவிடுவார்களா?

இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 270 அங்குலம், அதாவது 22 அடிக்கு மேல், பனி பெய்யும் இடம். கோடையில் நூற்றுக்கணக்கானோர் இருந்த ஊரில் ஐம்பது அறுபது பேர் மட்டும் தங்கிக் கூரையிலிருந்து பனியை வாரியும் விறகு எரித்தும் வாழ்கிறார்கள். குடும்பத்தோடு தங்குபவர்களின் பிள்ளைகளுக்காக அரசுப் பள்ளி ஒன்றும் உண்டு. பல வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் மிகச் சிறிய பள்ளி.

ஹோல்டன் மாலை ஜெபம் என்ற பாட்டு ஆராதனை இங்கே பிறந்ததா?

ஆம். மார்ட்டி ஹாகன் என்ற இசையமைப்பாளர் 1985–86 குளிர்காலத்தில் இந்த ஊரில் தங்கியிருந்தபோது, பனிக்குள் அடைபட்ட அந்தச் சிறு கூட்டத்துக்காக எழுதினார். பயிற்சி பெற்ற பாடகர் குழு இல்லாமலே எல்லோரும் பாடக்கூடிய எளிய மெட்டுகள். அதுவே அதன் பலமாயிற்று. லூத்தரன் சபைகள் மட்டுமன்றி, கத்தோலிக்கரும் பிற சபையினரும் அதைப் பாடுகிறார்கள். ஹோல்டன் எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர்கள்கூடத் தவக்காலப் புதன்கிழமைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சுரங்கக் கழிவு என்ன ஆனது?

இதைச் சொல்லாமல் ஹோல்டனின் வரலாற்றைச் சொல்ல முடியாது. தாதுவைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவுமண்ணைக் கம்பெனி ஊருக்கு எதிரே, ரெயில்ரோடு ஓடையின் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனது. மூன்று பெரும் மேடுகள், ஏறத்தாழ 90 ஏக்கர். அந்த மண்ணிலுள்ள கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும். அமிலம் செம்பு, துத்தநாகம், காட்மியம், இரும்பு எல்லாவற்றையும் கரைத்து ஓடையில் சேர்க்கும். ஓடைக்கல்லின்மேல் துருநிறத்தில் ஓர் ஏடு படிந்து, மணலும் கூழாங்கல்லும் ஒன்றோடொன்று இறுகிப்போகும். அந்த இடுக்குகளில்தான் மீனுக்கு உணவாகும் பூச்சிகள் வாழ வேண்டும்.

ஊரைக் கொடையாகக் கொடுத்த கம்பெனி பெயர் மாறி, கைமாறி, கடைசியில் அதன் பொறுப்பு ரியோ டின்டோ என்ற உலக நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அவர்கள் அந்தச் சுரங்கத்தில் ஒரு கல்லைக்கூட வெட்டவில்லை. ஆனாலும் அமெரிக்கச் சட்டப்படி, வாங்கிய நிறுவனத்தோடு அதன் பழைய கடனும் வரும். மத்திய, மாநில அரசுத் துறைகள் 2012இல் துப்புரவுத் திட்டத்தை இறுதி செய்தன. மேடுகளின் சரிவைக் குறைத்தார்கள், ஓடையின் ஒரு பகுதியைத் தள்ளி அமைத்தார்கள், கழிவுநீர் கசியாமலிருக்க நிலத்துக்குள் ஆழமான தடுப்புச் சுவர் எழுப்பினார்கள், நீரைச் சுத்திகரிக்க ஆலை கட்டினார்கள். செலவு சுமார் 50 கோடி டாலர். ஒரு லட்சம் டாலருக்கு விலைபோகாத ஊர் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வேலை மும்முரமாக நடந்த கோடைகளில் விருந்தினரை ஏற்க முடியவில்லை. முகாமில் தங்கியவர்கள் கனரக வண்டி ஓட்டுநர்களும் பொறியாளர்களும்தான். விடுமுறைக் குடும்பங்களுக்குச் சமைத்த அதே ஊர், மீண்டும் சுரங்க வேலைக்காரர்களுக்குச் சோறு போட்டது. வருமானமின்றி முடங்கியிருக்க வேண்டிய நிறுவனம் அப்படித்தான் நின்று பிடித்தது. சுத்திகரிப்பு ஆலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது ஆண்டு எடுத்த செம்புக்கான பணி எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதை அங்கே போகும் ஒவ்வொரு குடும்பமும் நேரில் காணலாம். அதை மறைத்துவைக்காமல் விருந்தினரைக் கூட்டிப்போய்க் காட்டுவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

2015ஆம் ஆண்டுத் தீயில் என்ன நடந்தது?

துப்புரவு வேலை முடியும் தறுவாயில் அந்தத் தீ வந்தது. ஜூன் மாத இறுதியில் இடிமின்னலால் பற்றிய வுல்வரின் கிரீக் காட்டுத்தீ, 65,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ஊரிலிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, கட்டடங்களைச் சுற்றி நீர்தெளிப்பான்களை ஓடவிட்டு, தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள். மலைச்சரிவுகள் கருகின, மரத்தால் கட்டிய ஊர் பிழைத்தது. 2007இலும் டாம்கி ஏரிப் பக்கம் பற்றிய தீக்காக ஊரை விட்டு வெளியேற வேண்டிவந்தது. கோடைக்காலத் தீயும் புகையும் அந்தப் பகுதிக்கு இனி நிரந்தரக் கவலை.

நிலம் முகாமுக்குச் சொந்தமா?

ஊர் இருக்கும் நிலம் அமெரிக்க வனத்துறையுடையது. சிறப்பு அனுமதியின் பேரில் முகாம் இயங்குகிறது. சுற்றிலும் கிளேசியர் பீக் காப்புக்காடு இருப்பதால் ஊர் இதற்குமேல் பெருகவும் முடியாது.

இப்போது குடும்பத்தோடு போக என்ன செய்ய வேண்டும்?

முன்பதிவு கட்டாயம். படகு பிடிக்கும் நேரத்தையும் பஸ் இடத்தையும் அதோடு சேர்த்தே ஏற்பாடு செய்வார்கள். காரை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, ஷெலான் ஊரிலோ ஃபீல்ட்ஸ் பாயின்ட் துறையிலோ படகேற வேண்டும். லூசெர்னில் பழைய பள்ளிப் பேருந்துகள் காத்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் பல உண்டு, தலைசுற்றல் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்காருவது நல்லது.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைத் தேவைக்கு மேலாகவே எடுத்துப் போங்கள். மருந்துக்கடைக்குப் போக வேண்டுமென்றால் மலையிறங்கிப் படகேற வேண்டும். கோடையிலும் இரவில் குளிரும், கம்பளிச் சட்டை வேண்டும். ஆகஸ்டில் போவதாக இருந்தால் புறப்படும் முன் தீ நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கட்டி விருந்தினராகப் போக முடியாதவர்கள் தொண்டராக விண்ணப்பிக்கலாம். பாத்திரம் கழுவத் தெரிந்தால் போதும்.